பதினேழரைச் சதுர அடி

160 சென்டிமீட்டர் உயரம், 60 கிலோ எடை, முப்பது வயது. கணக்குக்காக இப்படி ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். உயரத்தை எடையால் பெருக்கி, 3,600ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அவருடைய தோலின் பரப்பு வந்துவிடும்: 1.63 சதுர மீட்டர். மோஸ்டெல்லர் 1987இல் சுருக்கித் தந்த வாய்ப்பாடு இது. மருந்தளவு தீர்மானிக்க ஆஸ்பத்திரிகளில் இன்றும் இதைப் போடுகிறார்கள். மனை விலை பேசும் நம் கணக்கில் பதினேழரைச் சதுர அடி.

தோலின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். இமையில் மேல்தோல் 0.05 மில்லிமீட்டர், உள்ளங்காலில் ஒன்றரை மில்லிமீட்டர். மேல்தோலும் உள்தோலும் சேர்ந்து சராசரி 2 மில்லிமீட்டர் என்று கொண்டால் மூன்றரைக் கிலோ தேறும். அதில் பெரும்பகுதி உள்தோல்தான்: கொலாஜன் நார், ரத்தக்குழாய், நரம்பு, மயிர்க்கால், வியர்வைச் சுரப்பி. அதன்மேல் படர்ந்திருக்கும் எபிதீலியத் திசு, அதாவது மேல்தோல், உடம்பின் பெரும்பாலான இடங்களில் 0.1 மில்லிமீட்டர். பரப்போடு பெருக்கினால் மொத்தம் 163 மில்லி. அதிலும் உச்சியில் உள்ள செத்த செல்களின் படலம், பதினைந்து இருபது அடுக்கு இருந்தும், சுமார் 15 மைக்ரான்தான் கனம். அதன் மொத்தக் கொள்ளளவு 24 மில்லி, ஐந்து தேக்கரண்டி. அந்தப் பெண்ணின் உடம்பிலுள்ள முப்பது லிட்டர் தண்ணீர் காற்றில் காய்ந்து போகாமல் தடுத்து நிற்பது இந்த 24 மில்லி.

இந்தப் படலத்தை உடம்பு ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. மேல்தோலின் அடிவரிசையில் செல் பிரிகிறது. மேலே நகர்ந்து வர ஏறக்குறைய 14 நாள். கெரட்டின் நிரம்பிச் செத்து, உச்சியில் காவல் இருப்பது இன்னொரு 14 நாள். பிறகு உதிர்கிறது. நாளுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் என்று வைத்தால் வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்குக் கிலோ. சொரியாசிஸ் நோயில் இந்த வேகம் கெடுகிறது. மேலே வர இரண்டு வாரம் எடுக்க வேண்டிய செல் நாலைந்து நாளில் வந்து சேர்கிறது, முதிராமலே. செதில் செதிலாகக் குவிவது அதனால்தான். எபிதீலியம் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் மாறுவதும் இல்லை. குடலின் உட்பூச்சு மூன்று முதல் ஐந்து நாளில் மாறிவிடும். கண்ணின் கருவிழி மேல் இருக்கும் பூச்சுக்கு ஒரு வாரம், பத்து நாள். இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. எபிதீலியத்துக்குள் ரத்தக்குழாய் கிடையாது. அடியில் இருக்கும் திசுவிலிருந்து கசிந்து வருவதைக் கொண்டே அது பிழைக்கிறது. அடித்தளம் செத்தால் மேலே எதுவும் முளைக்காது. தீக்காயத்தின் கதை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

தோல் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதை மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1947இல் அளந்து எழுதினார்கள். 44 டிகிரியில் ஆறு மணி நேரம் பட்டால் தோல் வேகும். அதற்கு மேல் 51 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரி ஏற ஏற, தாங்கும் நேரம் ஏறத்தாழ பாதியாகிக்கொண்டே போகும். 60 டிகிரியில் ஐந்து விநாடிதான். அடுப்பிலிருந்து இறக்கிய ரசமோ சாம்பாரோ அதைவிடச் சூடு. அது ஒரு விநாடிக்கு மேல் அவகாசம் தருவதில்லை. தவழும் குழந்தைக்கு அந்த ஒரு விநாடியும் இல்லை, தோலும் மெல்லியது.

அந்த நேரத்தில் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுவது. காயம் பட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. இட்லி மாவு, இங்க், பற்பசை, காபித்தூள், மஞ்சள் என்று கையில் அகப்பட்டதைப் பூசுவது நம் வீடுகளில் இன்னும் நிற்கவில்லை. பூசியதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் டாக்டரால் காயத்தின் ஆழத்தையே பார்க்க முடிகிறது. அந்த வேதனையும் நோயாளிக்குத்தான்.

ஆழத்துக்கு அடுத்து பரப்பு. தீக்காய வார்டில் முதலில் கேட்கும் கேள்வி “எத்தனை சதவீதம்?” என்பதுதான். பெரியவர்களுக்கு ஒன்பதுகளின் விதி: தலையும் கழுத்தும் 9, ஒவ்வொரு கையும் 9, உடலின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18, ஒவ்வொரு காலும் 18, மறைவிடம் 1. வாலஸ் இதை 1951இல் பிரசுரித்தார். கைக்குழந்தைக்கு இது பொருந்தாது. அதன் தலை மட்டுமே 18 சதவீதத்தை எட்டும், கால்கள் அந்த அளவுக்குக் குறையும். சிதறலான காயத்துக்கு நோயாளியின் கையையே அளவுகோலாக வைப்பார்கள். விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை ஏறத்தாழ ஒரு சதவீதம். அந்தப் பெண்ணின் கணக்கில் ஒரு சதவீதம் 163 சதுர சென்டிமீட்டர்.

அவருக்கு 40 சதவீதம் வெந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏழு சதுர அடி. முதல் நாளின் பற்று இப்படி விழும்:

காயத்தின் வழியே ஆவியாகும் நீர்: மணிக்கு 106 மில்லி, நாளுக்கு இரண்டரை லிட்டர்.
அந்த நீர் ஆவியாகும்போது கொண்டுபோகும் வெப்பம்: ஏறத்தாழ 1,475 கிலோகலோரி.
நரம்பில் ஏற்ற வேண்டிய ரிங்கர் லாக்டேட்: 9,600 மில்லி, அரை லிட்டர் பாட்டிலில் 20.
அதில் முதல் எட்டு மணி நேரத்துக்குள் போக வேண்டியது: 4,800 மில்லி.

முதல் வரியின் கணக்கு, எரிந்த சதவீதத்தோடு 25ஐக் கூட்டி உடற்பரப்பால் பெருக்குவது. நல்ல தோலுள்ளவர் வியர்வையைச் சேர்க்காமல் நாளுக்கு இழப்பது 300 முதல் 400 மில்லிதான். ஐந்து தேக்கரண்டிப் படலத்தில் பாதிக்கும் குறைவு போனதற்கே இழப்பு ஆறேழு மடங்கு. ஒரு கிராம் நீர் ஆவியாக 0.58 கிலோகலோரி வேண்டும். அதை உடம்பு தன் கையிருப்பிலிருந்து கொடுக்கிறது. மே மாத வெயிலிலும் தீக்காய நோயாளி குளிரில் நடுங்குவது இதனால்தான்.

மூன்றாவது வரி டல்லாஸ் நகரின் பார்க்லேண்ட் மருத்துவமனையில் சார்லஸ் பாக்ஸ்டர் 1960களில் வகுத்த வாய்ப்பாடு. கிலோ ஒன்றுக்கு, எரிந்த சதவீதம் ஒவ்வொன்றுக்கும் 4 மில்லி. 60 கிலோ, 40 சதவீதம். உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே நாலு லிட்டர் சொச்சம், ஒரு நாளில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஆவியாவது அதில் சிறு பங்கு. மிச்சமெல்லாம் நுண்குழாய்கள் ஒழுகித் திசுக்களுக்குள் இறங்குவது. முகமும் கையும் ஊதிப்போய் நோயாளியை வீட்டாருக்கே அடையாளம் தெரியாமல் போவதும் அப்படித்தான். உள்ளே ரத்தம் கெட்டியாகிச் சிறுநீரகம் வறள்கிறது. சரியாகப் போகிறதா என்று பார்க்க நர்ஸ் கவனிப்பது சிறுநீர்ப் பையை. மணிக்கு 30 மில்லி விழ வேண்டும்.

நான்காவது வரியில் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. எட்டு மணி நேரம் என்பது ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து எண்ணுவதல்ல, தீப்பட்ட நேரத்திலிருந்து எண்ணுவது. ஊரிலிருந்து அரசு ஆஸ்பத்திரி, அங்கிருந்து மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி, அங்கிருந்து சென்னையோ மதுரையோ என்று டிரிப் ஏற்றாமல் மூன்று மணி நேரம் கழிந்தால், மணிக்கு 600 மில்லியாகப் போக வேண்டியது 960 மில்லியாக ஏறிவிடும். அனுப்பிவைக்கும் முதல் ஆஸ்பத்திரி எழுதித் தரும் சீட்டைவிட அது ஏற்றி அனுப்பும் முதல் பாட்டிலுக்குத்தான் மதிப்பு அதிகம். இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

பிழைப்பாரா என்பதற்கும் ஒரு கூட்டல் உண்டு. 1961இல் பிரான்ஸில் செர்ழ் போ தன் ஆய்வேட்டில் எழுதியது: வயதையும் சதவீதத்தையும் கூட்டு. நூறை நெருங்கினால் அந்தக் காலத்தில் நம்பிக்கையில்லை. நல்ல வசதியுள்ள இடங்களில் இன்று அந்த எல்லை நூறுக்கு மேலே நகர்ந்திருக்கிறது. புகையைச் சுவாசித்திருந்தால் 17ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். நம் கணக்கில் 70, பிழைக்க வேண்டியவர்.

ஆனால் பிழைக்கச் சாப்பிட வேண்டும். 1974இல் கரேரி தந்த கணக்குப்படி எடைக்கு 25, சதவீதத்துக்கு 40: நாளுக்கு 3,100 கிலோகலோரி. புரதம் 90 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஓர் இட்லியில் 2 கிராம் என்று போட்டால் 100 கிராமுக்கு முட்டை பதினாறு, பதினேழு, அல்லது இட்லி ஐம்பது. முட்டை, மீன் கொடுத்தால் புண் சீழ்பிடிக்கும் என்று பத்தியம் பிடித்துக் கஞ்சி ஊட்டும் உறவினர்கள் அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். காயமோ தசையைத் தின்று தன் புரதத்தை எடுத்துக்கொள்கிறது.

ஒரு சதவீதத்துக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசம் என்பது வார்டில் சொல்லும் தோராயக் கணக்கு. 40 சதவீதத்துக்கு 40 நாள். அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் கூலி போவதற்கு அந்தத் திட்டத்தில் பத்தி இல்லை. நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு 2024-25இல் நிர்ணயித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். நோயாளி, கூட இருப்பவர் என இருவருக்கு 40 நாள்: 25,520 ரூபாய். பஸ், சாப்பாடு, ஊரில் விட்டுவந்த குழந்தைகள், எல்லாம் அதற்கு மேல்.

இப்படி எத்தனை பேர்? ஆண்டுக்கு 70 லட்சம் பேருக்குத் தீக்காயம், 7 லட்சம் பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள், 1.4 லட்சம் பேர் இறக்கிறார்கள், 2.4 லட்சம் பேர் ஊனமாகிறார்கள் என்பது மத்திய சுகாதார அமைச்சகத்தின் மதிப்பீடு. டெல்லியின் மூன்று பெரிய அரசு மருத்துவமனைகளின் விவரத்தை வைத்து நாடு முழுமைக்கும் விரித்த எண் அது. உலகம் முழுக்க ஆண்டுக்கு இறப்பதே 1.8 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டையும் அருகருகே வைத்தால் பொருந்தவில்லை. நம் எண்ணைக் கல்லில் வெட்டியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. யார் வேகிறார்கள் என்பதைச் சட்டப் புத்தகமே சொல்லும். வரதட்சணை மரணத்துக்கென 1986இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்த்து 2024 வரை நடப்பில் இருந்த 304பி பிரிவு, திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் பெண்ணுக்கு நேரும் சாவின் காரணங்களில் முதலில் வைத்த சொல் தீக்காயம். மண்ணெண்ணெய் ஸ்டவ் குறைந்து கேஸ் வந்தது பெரிய ஆறுதல். வார்டுகள் காலியாகிவிடவில்லை.

இனி ஆழத்துக்கு வருகிறேன். மேல்தோல் மட்டும் வெந்தால் ஒரு வாரத்தில் ஆறும். உள்தோலின் மேற்பகுதி வரை போனால் கொப்புளம் கட்டும், இரண்டு மூன்று வாரத்தில் ஆறும். எப்படி ஆறுகிறது? மயிர்க்காலும் வியர்வைக் குழாயும் உள்தோலுக்குள் ஆழமாக இறங்கியிருக்கின்றன. அவற்றின் உட்சுவரில் இருப்பதும் எபிதீலியம்தான். அங்கே மிஞ்சிய செல்கள் மேலேறி வந்து, பக்கத்தில் வருவதோடு கைகோர்த்துப் பரப்பை மூடுகின்றன. முழு ஆழமும் வெந்துவிட்டால் அந்த விதைகள் இல்லை. ஓரத்திலிருந்துதான் வர வேண்டும், நாளுக்கு மிஞ்சிப்போனால் ஒரு மில்லிமீட்டர். முப்பது சென்டிமீட்டர் அகலக் காயத்தில் இருபுறமிருந்தும் நடுவே சந்திக்க 150 நாள். அதற்குள் கிருமி புகுந்துவிடும், அல்லது காயம் சுருங்கிக் கழுத்தை மார்போடும் முழங்கையை மேற்கையோடும் ஒட்டிவிடும்.

அதனால் வெந்ததை அகற்றித் தோல் ஒட்ட வேண்டும். 1970 வாக்கில் யுகோஸ்லாவியாவின் மாரிபோர் நகரில் சோரா யான்ஸெகோவிச் என்ற பெண் மருத்துவர், முதல் சில நாள்களிலேயே செத்த தோலை அடுக்கடுக்காகச் சீவி உடனே ஒட்டும் முறையைப் பரப்பினார். அதற்கு முன் வாரக்கணக்கில் அது தானாக அழுகி உதிரக் காத்திருந்தார்கள். சீவும்போது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய அரை முதல் ஒரு மில்லி ரத்தம் போகும். 6,500 சதுர சென்டிமீட்டரையும் ஒரே மேசையில் எடுத்தால் 3 முதல் 6 லிட்டர் போய்விடும். ஆகவே பத்து, பதினைந்து சதவீதமாகத் தவணை முறையில்தான் எடுப்பார்கள்.

ஒட்டுவதற்கான தோல் அவருடைய உடம்பிலிருந்தே வர வேண்டும். தொடையிலிருந்து கால் மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, வலைபோல் துளையிட்டு மூன்று மடங்கு விரித்தால் 6,500க்கு ஏறத்தாழ 2,200 சதுர சென்டிமீட்டர் போதும், உடம்பின் 13 சதவீதம். நடைமுறையில் மூன்று மடங்கு முழுசாக விரியாது, கொஞ்சம் கூடவே எடுப்பார்கள். இரு தொடைகளும் சேர்ந்தால் 19 சதவீதம். நாற்பது சதவீதக்காரருக்கு, தொடை தப்பியிருந்தால், வரவும் செலவும் ஒருவழியாகச் சரிக்கட்டும்.

எழுபது சதவீதம் என்றால் சரிக்கட்டாது. மூட வேண்டியது 11,400 சதுர சென்டிமீட்டர். மிச்சமிருக்கும் முப்பதில் முகம், கழுத்து, உள்ளங்கை, பாதம், மூட்டு, மறைவிடம் கழித்தால் சீவத் தகுந்தது பாதி, 15 சதவீதம் என்று வைப்போம். மூன்று மடங்கு விரித்தாலும் 45. மீதி 25 சதவீதம், 4,000 சதுர சென்டிமீட்டருக்கு மேல், திறந்தே கிடக்கும். சீவிய இடம் ஆறி மறுபடி சீவத் தயாராக 14 நாள் ஆகும். அந்தப் பதினான்கு நாளில்தான் ரத்தத்தில் கிருமி ஏறி ஆளைக் கொண்டுபோகிறது. மருந்து ஒவ்வாமையால் தோல் உரியும் நோயிலும் இதே பள்ளம்தான். தீயே இல்லாமல், வலிப்புக்கோ யூரிக் அமிலத்துக்கோ எடுத்த மாத்திரையால், உடம்பில் முப்பது சதவீதத்துக்கு மேல் மேல்தோல் கழன்றுவிடும். ஏறத்தாழ மூவரில் ஒருவர் இறக்கிறார். ஆனால் அங்கே உள்தோல் உயிரோடு இருப்பதால் மூடிக் காத்தால் போதும், ஒட்டு வேண்டாம்.

சோதனைக்கூடத்தில் தோல் வளர்க்க முடியாதா என்று கேட்கலாம். முடியும். ரைன்வால்டும் ஹோவர்டு கிரீனும் 1975இல் மேல்தோல் செல்லைத் தட்டில் பெருக்கிக் காட்டினார்கள். 2017இல் வெளியான ஒரு சிகிச்சையில், மரபணுக் குறையால் மேல்தோல் கழன்றுகொண்டே இருந்த ஏழு வயதுச் சிறுவனுக்கு, ஜெர்மனியின் போகும் நகரில், 4 சதுர சென்டிமீட்டர் துணுக்கிலிருந்து மரபணுவைத் திருத்தி வளர்த்த 0.85 சதுர மீட்டர் மேல்தோலைப் போர்த்தினார்கள். உடம்பின் ஏறத்தாழ 80 சதவீதம். அவன் பிழைத்தான். மகத்தான வேலை. ஆனால் வளர வாரங்கள் ஆகும், செலவு நம் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு எட்டாது.

எட்டக்கூடியது வேறொன்று: இறந்தவரின் தோல். அதை ஒட்டினால் நிலைக்காது, இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு தள்ளிவிடும். ஆனால் நமக்குத் தேவைப்படுவது அந்தப் பதினான்கு நாள்தானே! அவருடைய சொந்தத் தோல் மறுபடி விளையும்வரை நீர் போகாமல், கிருமி புகாமல், வலி தெரியாமல் மூடி நிற்கும். கடனாக வரும் தோலின் ஆயுளும் கடன் தேவைப்படும் காலமும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதைப் பார்க்கும்போதெல்லாம், இதை ஊரறியச் சொல்லாமல் இருக்கிறோமே என்று மனம் பதைக்கிறது. கண்தானம் தெரியாத தெரு இல்லை. தோல்தானம் என்றால் படித்தவர்களே முகம் சுளிக்கிறார்கள்.

ரத்தப் பிரிவு பார்க்க வேண்டியதில்லை. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். குழு வீட்டுக்கே வரும், முக்கால் மணி நேர வேலை. இரு கால்களிலிருந்தும் முதுகிலிருந்தும் கால் மில்லிமீட்டர் சொச்சம் மட்டும் சீவுவார்கள், ரத்தம் ஒழுகாது. பதப்படுத்தி, 85 சதவீதக் கிளிசரினில், 4 டிகிரியில் ஐந்தாண்டு வரை வைக்கலாம். மும்பை சயான் மருத்துவமனையில் 2000ஆம் ஆண்டிலிருந்து தோல் வங்கி நடக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையில் உண்டு. 1994இன் உறுப்பு மாற்றுச் சட்டம் 2011இல் திருத்தப்பட்டபோது திசுக்களும் அதற்குள் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாகின்றன. நூற்றில் ஒரு வீடு சம்மதித்தால் ஆறாயிரம் பேரின் தோல்.

ஒட்டிய சொந்தத் தோலுக்கும் ஒரு குறை கடைசிவரை இருக்கும். உடம்பெங்கும் இருக்கும் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகளில், ஒட்டுப்போட்ட பரப்புக்கு உரியவை திரும்புவதில்லை. காற்றின் சூடு 37 டிகிரியைத் தாண்டும் அக்னி நட்சத்திர நாள்களில் வெப்பத்தை வெளியேற்ற வியர்வையைத் தவிர உடம்புக்கு வழியில்லை. நாற்பது சதவீதம் ஒட்டுப்போட்டவர் மீதி அறுபதைக் கொண்டே வியர்க்க வேண்டும். வேலையிடத்தில் அவருக்கு நிழலும் தண்ணீரும் தர வேண்டும் என்று மேற்பார்வையாளருக்கு எழுதிக்கொடுக்கும் டாக்டர்களை மதிக்கிறேன்.

தானத்துக்குத் திரும்புகிறேன். தோல் கொடுப்பவருக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். முதியவர் என்பதற்காக ஒதுக்குவதில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் தடையல்ல. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையின் பி, சி வகைகள், ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்று, தோல் புற்றுநோய் இருந்தால் எடுக்கமாட்டார்கள். சீவிய இடத்தில் கட்டுப்போட்டுவிடுவார்கள். முகத்தையும் கைகளையும் தொடுவதில்லை. உடுத்திய வேட்டிக்கும் புடவைக்கும் உள்ளே எதுவும் வெளியே தெரியாது. ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்லும்போதே தோல் வங்கிக்கும் ஒரு போன் செய்துவிட்டால், ஆறு மணி நேரத்தில் நேரம் மிச்சமே இருக்கும்.